கதவைத் தட்டும் புகார்: குழந்தைத் துன்புறுத்தல் விசாரணையில் பெற்றோருக்கு என்ன பாதுகாப்பு?

இரவு எட்டரை மணி. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. கதவு தட்டும் சத்தம் கேட்டு ஒரு தாய் திறக்கிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் அலுவலர் நிற்கிறார். குழந்தைகள் நலத் துறையிலிருந்து வந்திருப்பதாகவும், பிள்ளைகளைப் பற்றி ஒரு புகார் வந்திருப்பதாகவும் சொல்கிறார். "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார். தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்பது வயது மகன் எட்டிப் பார்க்கிறான்.

தாய் வழிவிடுகிறார். அலுவலர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்கிறார். மகனைத் தனியே அழைத்துப் பேசுகிறார். நான்கு வயது மகளின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்க வேண்டும் என்கிறார். புகார் கொடுத்தது யார் என்று தாய் கேட்கிறார். சட்டப்படி அதைச் சொல்ல இயலாது என்று பதில் வருகிறது.

இந்தத் தாய் நான் கற்பனை செய்துகொண்டவர். அவர் வீட்டில் நடந்தவற்றில் கற்பனை எதுவும் இல்லை. அந்நகரத்தில் இப்படித்தான் விசாரணை தொடங்குகிறது. அவர் பிள்ளைகளைத் துன்புறுத்தினாரா இல்லையா என்பது அலுவலருக்குத் தெரியாது. வாசலில் நின்றபோது நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையைச் சட்டமும் துறையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதை, முதன்முறையாக இதைக் கேள்விப்படுபவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்காவின் நடைமுறையை, அதிலும் நியூயார்க் மாநிலத்தினுடையதை, முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எங்கு சரிசெய்திருக்கிறார்கள், எங்கு இன்னும் வலிக்கிறது என்பது அங்கே துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பொய்ப் புகார்" என்றதும் யாரோ வன்மத்தோடு இட்டுக்கட்டியது என்றுதான் மனம் போகும். உண்மையில் தவறான புகார் மூன்று வழிகளில் பிறக்கிறது. தெரிந்தே சொல்லும் பொய் ஒன்று. நல்லெண்ணத்தோடு பார்த்தவர் பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொள்வது இரண்டாவது. வறுமையையோ வேறுபட்ட வளர்ப்பு முறையையோ பிள்ளையைப் புறக்கணிப்பதாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பொய்யருக்குத் தண்டனை என்று ஒரு சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் முதல் வகையை மட்டுமே பார்க்கிறார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறியது அந்த வகைதான்.

இன்னொரு சொல்லும் உண்டு: "நிரூபணமாகவில்லை". விசாரணை முடிவில் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினால், நடந்தது பொய் என்று பொருளாகாது. நடந்திருக்கலாம், சாட்சி இல்லாமல் போயிருக்கலாம். அதேபோல, பெற்றோர் குற்றவாளிகள், தப்பித்துக்கொண்டார்கள் என்றும் பொருளாகாது. பெற்றோர் தரப்பில் பேசுபவர்கள் சிலர் நிரூபணமாகாத அத்தனை புகாரையும் பொய்க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். துறையின் தரப்பில் பேசுபவர்கள் சிலர், நெருப்பில்லாமல் புகையுமா என்கிறார்கள். இரண்டு பேச்சுமே பிள்ளைகளுக்கு நன்மை செய்வதில்லை.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்காவில் 2022ஆம் நிதியாண்டில் குழந்தைகள் நலத் துறைகளுக்கு வந்த புகார்கள் 42 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய பாதி, விசாரிக்கும் அளவுக்கு எதுவும் இல்லை என்று தொலைபேசியிலேயே முடிந்துவிட்டன. மீதியில் சுமார் 31 லட்சம் குழந்தைகளின் வீடுகளுக்கு அலுவலர்கள் போனார்கள். துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்கள் என்று முடிவானவர்கள் சுமார் 5,59,000 குழந்தைகள். அதாவது கதவு தட்டிய வீடுகளின் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பாதிக்கப்பட்டவர்கள் என்று முடிவானவர்களிலும் நான்கில் மூன்று பங்கினர் புறக்கணிப்பு என்ற தலைப்பின் கீழ் வந்தவர்கள். உடல்ரீதியான வன்முறை சுமார் 17 சதவீதம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்கக் குழந்தைகளில் 37 சதவீதத்தினர் பதினெட்டு வயதுக்குள் ஒருமுறையேனும் இத்தகைய விசாரணைக்கு உள்ளாகிறார்கள் என்று கணக்கிட்டது. கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் பதினொருவர் வீட்டுக் கதவை அலுவலர் தட்டியிருப்பார்.

இவ்வளவு பெரிய வலையை யாரும் கெட்ட எண்ணத்தில் விரிக்கவில்லை. 1962இல் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார்கள். காரணம் சொல்ல முடியாத எலும்பு முறிவுகளோடு வரும் குழந்தைகளில் பலர் பெற்றோரிடம் அடிபட்டவர்கள் என்று அது துணிந்து சொன்னது. அதுவரை மருத்துவர்கள் கண்டும் காணாமல் இருந்த உண்மை அது. அடுத்த ஐந்தாண்டுக்குள் எல்லா மாநிலங்களும் புகார் சட்டம் இயற்றின. 1974இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநிலங்கள் நிதி பெற வேண்டுமானால் புகார் முறையை வலுப்படுத்த வேண்டும், நல்லெண்ணத்தில் புகார் கொடுப்பவர் மீது வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்பு தர வேண்டும் என்றது.

இதன் விளைவை ஓர் ஆசிரியையின் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். நியூயார்க்கில் ஆசிரியர், மருத்துவர், செவிலியர், காவலர் போன்றோர் சந்தேகம் வந்தாலே புகார் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கொடுக்காமல் விட்டால் குற்ற வழக்கு வரலாம். கொடுத்து அது தவறாகிப் போனால், நல்லெண்ணத்தில் செய்தது என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகாது. நம் குவீன்ஸ் வீட்டுப் பையன் குளிர்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து மேலங்கி இல்லாமல் வந்தான் என்று வைத்துக்கொள்வோம். "அம்மா ராத்திரி வேலைக்குப் போய்விடுவார்" என்று யதார்த்தமாகச் சொன்னான். இரவில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து படுத்துக்கொள்வதை அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஆசிரியை கெட்டவர் அல்லர். அவருக்கு அந்தப் பையன் மேல் அக்கறை இருக்கிறது, வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஒரு மேலங்கி வாங்கித் தருவதற்கு அவருக்குச் சட்டம் வழிகாட்டவில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் தந்திருக்கிறது.

வேண்டுமென்றே சொல்லும் பொய் எவ்வளவு? கனடாவில் 1998இல் திரட்டிய தேசிய அளவிலான தரவை வைத்து 2005இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. விசாரித்த புகார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரூபணமாகவில்லை. ஆனால் திட்டமிட்ட பொய் என்று விசாரணையாளர்கள் கருதியவை 4 சதவீதம் மட்டுமே. கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடக்கும் வீடுகளில் அது 12 சதவீதமாக உயர்ந்தது. பொய்யை அதிகம் சொன்னவர்கள், பெயர் சொல்லாத அநாமதேயர்களும், பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்காத பெற்றோரும். பிள்ளைகள் தாமே பொய் சொன்னது மிக அரிது. பிள்ளை வாய் திறந்து சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அநாமதேயப் புகார் என்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைக் கடிதம் என்று நம் ஊரில் அதற்குப் பெயர் உண்டு. அலுவலகத்தில் பிடிக்காதவர் மேல், ஊரில் பகையாளி மேல் கையெழுத்தில்லாமல் எழுதிப் போடுவது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், புகார் சொல்வதற்கான தொலைபேசி எண்ணான ஹாட்லைனில், அதுவே குரலாக வருகிறது. வீட்டு வாடகைச் சண்டை, முன்னாள் கணவன், முன்னாள் காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என யாரும் பேசலாம். மறுபடி மறுபடி அழைக்கலாம். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் அலுவலர் வந்து பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார். தெரிந்தே பொய் சொல்வது நியூயார்க்கிலும் குற்றம்தான். ஆனால் பெயரே இல்லாதவரை எந்த நீதிமன்றத்துக்கு அழைப்பது?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெயரை இரகசியமாக வைப்பது வேறு, பெயரே இல்லாமல் இருப்பது வேறு. இரகசியம் என்றால் துறைக்குத் தெரியும், புகாருக்கு ஆளானவருக்குத் தெரியாது. அநாமதேயம் என்றால் துறைக்கே தெரியாது. டெக்சாஸ் மாநிலம் 2023 செப்டம்பர் முதல் இரண்டாவதை நிறுத்திவிட்டது. அழைப்பவர் பெயரும் தொலைபேசி எண்ணும் தர வேண்டும். அவை வெளியே போகாது. தர மறுப்பவரிடம் காவல்துறையை அழைத்துப் புகார் சொல்லலாம் என்று தெரிவிக்கிறார்கள். பயந்த அண்டைவீட்டாரின் வாயை இது அடைத்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கவலை நியாயமானதுதான். என்றாலும் பயப்படுபவருக்குத் தேவை இரகசியம். அதைச் சட்டம் அப்படியே காக்கிறது என்பதால் டெக்சாஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வகைக்கு வருவோம். தவறாகப் புரிந்துகொள்ளும் கண். இதை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் மேல், சில சமயம் முதுகிலும் தோளிலும் ஒரு நீலச் சாம்பல் நிறத் திட்டு தெரியும். உள்ளங்கை அகலம்கூட இருக்கும். விளிம்பு தெளிவாக இராது. மைத்துளி ஈரத்தாளில் பரவியது போலிருக்கும். தொட்டால் தட்டையாக இருக்கும், அழுத்தினால் குழந்தை அழாது. மருத்துவர்கள் நீண்ட காலம் இதை மங்கோலியப் புள்ளி என்று அழைத்தார்கள். தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவில் மேலே வர வேண்டியவை, ஆழத்திலேயே தங்கிவிடுவதால் உண்டாவது. ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இது மிகச் சாதாரணம். வெள்ளைத் தோல் குழந்தைகளுக்கு அரிது. சில ஆண்டுகளில் பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

வெள்ளைத் தோலை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு குழந்தைக் காப்பகப் பணியாளர் அணையாடை மாற்றும்போது இதைப் பார்த்தால் அடிபட்ட கன்றல் என்றுதான் நினைப்பார். நினைத்தால் புகார் கொடுக்கக் கடமைப்பட்டவர். இது நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு நாளையே நேரக்கூடியது. வேறுபடுத்துவது கடினமல்ல. கன்றல் சில நாட்களில் நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறி மறையும். இந்தத் திட்டு வாரக்கணக்கில் இம்மியும் மாறாது. ஆனால் அதற்கு முதல் நாள் ஒருவர் பார்த்து எழுதியிருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் மருத்துவமனைக் குறிப்பில் இந்தத் திட்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று எழுதச் சொல்லுங்கள். தேதியோடு ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். காப்பகத்தில் சேர்க்கும் முதல் நாளே பணியாளரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. மாதக்கணக்கான துயரத்தைத் தடுக்கும்.

எலும்பு முறிவு இதைவிடச் சிக்கலானது. எலும்பு எளிதில் ஒடியும் பிறவிக் குறைபாடு சில குழந்தைகளுக்கு உண்டு. வைட்டமின் டி குறைவால் எலும்பு மெலியும் ரிக்கெட்ஸ் நோயும் உண்டு. தவழத் தொடங்காத குழந்தையின் முறிவைப் பார்த்து மருத்துவர் சந்தேகப்படுவது அவர் கடமை. அந்தச் சந்தேகம் பல குழந்தைகளின் உயிரைக் காத்திருக்கிறது. அவருடைய சந்தேகமே தீர்ப்பாகிவிடாமல், மரபணு, எலும்பு நிபுணர்களின் இரண்டாவது கருத்தைக் கேட்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் பெற்றோர் தரப்புக் கோரிக்கை. பிள்ளையைப் பிரித்த பிறகு அந்தக் கருத்தைத் தேடுவதற்கும், பிரிக்கும் முன் தேடுவதற்கும் உள்ள தூரம் ஒரு குடும்பத்தின் ஆயுளையே மாற்றும்.

பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் முறையிலும் தவறு நுழையும். 1983இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரத்தில் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியர்கள் மீது எழுந்த குற்றச்சாட்டு, 1990இல் ஒருவர்கூடத் தண்டனை பெறாமல் முடிந்தது. விசாரித்தவர்கள், "மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்" என்ற பாணியில் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் பெரியவர்களை மகிழ்விக்கப் பதில் சொன்னார்கள். அதன் பிறகுதான், "என்ன நடந்தது, சொல்லு" என்று திறந்த கேள்வியில் தொடங்க வேண்டும், பதிலை வாயில் ஊட்டக் கூடாது, முழுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற முறைகள் ஆய்வுகளின் துணையோடு உருவாயின. பெற்றோருக்கும் இது பொருந்தும். விசாரணை வருகிறது என்று தெரிந்ததும் பிள்ளைக்கு இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று பாடம் நடத்தாதீர்கள். உண்மையைச் சொல் என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது வகைக்கு ஒரு காட்சி. 2014 டிசம்பர். மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங். பத்து வயது அண்ணனும் ஆறு வயது தங்கையும் பூங்காவிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவிலிருந்த வீட்டுக்கு நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். பெற்றோரின் அனுமதியோடுதான். யாரோ காவல்துறையை அழைத்தார்கள். காவலர்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். தொடர்ந்து குழந்தைகள் நலத் துறை விசாரித்து, பெற்றோர் "நிரூபணமாகாத புறக்கணிப்புக்கு" பொறுப்பு என்று எழுதியது. நிரூபணமாகாத ஒன்றுக்கு எப்படிப் பொறுப்பாவது? நாடே அதைக் கேட்டது. அந்த முடிவு அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் விலகியது.

தங்கையின் கையைப் பிடித்து ரேஷன் கடை வரிசையில் நின்ற பத்து வயது அண்ணன்களும் அக்காக்களும் நம் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அதனால் இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். அந்தத் தாய்தந்தைக்குச் சிரிப்பு வந்திருக்காது. 2018இல் யூட்டா மாநிலம், போதிய முதிர்ச்சியுள்ள பிள்ளை தனியே பள்ளிக்கு நடப்பதும் விளையாடுவதும் புறக்கணிப்பு ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியது. டெக்சாஸ் 2021இல் புறக்கணிப்பு என்ற சொல்லின் வரையறையையே இறுக்கி, உடனடி ஆபத்து இருக்க வேண்டும் என்றது. தவறான புகாரைக் குறைக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரையும் தண்டிக்காமல், சொல்லின் பொருளைச் சரிசெய்கிறது.

மறுபடி குவீன்ஸ் வாசலுக்கு வருவோம். அந்தத் தாய் வழிவிட்டே ஆக வேண்டுமா?

இல்லை. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வீட்டைக் காக்கிறது. அனுமதி, நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு அவசர ஆபத்து, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் அரசு அலுவலர் உள்ளே வரலாம். ஆனால் பெரும்பாலான தாய்மார்களுக்கு இது தெரியாது. அலுவலரும் பல இடங்களில் சொல்வதில்லை. திருட்டுக் குற்றத்துக்குக் கைதானவரிடம், பேசாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று காவலர் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையையே இழக்கக்கூடிய தாயிடம் யாரும் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸ் 2023இல் இதையும் மாற்றியது: முதல் சந்திப்பிலேயே, வழக்கறிஞர் இல்லாமல் பேச மறுக்கலாம், நீதிமன்ற உத்தரவின்றி வீட்டுக்குள் விட மறுக்கலாம் என்பனவற்றை அலுவலர் எடுத்துச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இத்தகைய சட்டம் கேட்டுப் பெற்றோர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகின்றன.

உரிமை இருக்கிறது என்பதால் கதவை முகத்தில் அறைந்து சாத்துவது நல்ல யோசனை ஆகிவிடாது. கோபம் கோப்பில் ஏறும். "ஒத்துழைக்கவில்லை" என்ற ஒரு வரி பின்னர் நீதிமன்றத்தில் திரும்ப வரும். புகார் என்ன என்று அமைதியாகக் கேட்கலாம். அலுவலரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து நலமாக இருப்பதைக் காட்டலாம். வழக்கறிஞரிடம் பேசிவிட்டு நாளை சந்திக்கிறேன் என்று சொல்லலாம். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்; பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது ஆபத்து. அன்றிரவே, யார் வந்தார், என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. இரண்டு மாதம் கழித்து நினைவு ஏமாற்றும், நோட்டு ஏமாற்றாது. இது பொதுவான விளக்கம்தான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால் அந்தந்த ஊர் வழக்கறிஞரே உறுதியாகச் சொல்ல முடியும்.

நியூயார்க்கில் விசாரணை புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 60 நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிவில் இரண்டில் ஒன்று: ஆதாரம் உண்டு, அல்லது ஆதாரம் இல்லை. பலருக்கும் தெரியாத அபாயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆதாரம் உண்டு என்று முடிவெடுப்பவர் நீதிபதி அல்லர், விசாரித்த துறையேதான். வழக்கு நீதிமன்றத்துக்கே போகாவிட்டாலும் பெற்றோரின் பெயர், இத்தகைய புகார்களுக்கென மாநிலம் வைத்திருக்கும் மையப் பதிவேட்டில் ஏறிவிடும். பள்ளி, குழந்தைக் காப்பகம் போன்ற இடங்களில் வேலைக்கு விண்ணப்பித்தால் அந்தப் பெயர் தலைகாட்டும். இரவு வேலையை விட்டு, பகலில் பிள்ளைகளோடு இருக்க ஒரு காப்பகத்தில் வேலை தேடும் நம் குவீன்ஸ் தாய்க்கு அந்தக் கதவு மூடிவிடும்.

எவ்வளவு ஆதாரம் இருந்தால் போதும் என்பதுதான் அடுத்த கேள்வி. நிரூபண அளவை ஒரு படிக்கட்டு போல நினைத்துக்கொள்ளலாம். கீழ்ப் படியில் "நம்பத்தக்க ஆதாரம் ஏதேனும்" என்ற அளவு. எதிர்த்தரப்பில் எவ்வளவு சான்று குவிந்திருந்தாலும் இந்தப் பக்கம் நம்பத்தக்க ஒன்று இருந்தால் போதும். அடுத்த படி, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காதிருக்க வாய்ப்பு அதிகமா என்று இருபுறமும் எடைபோடுவது. அதற்கு மேல், தெளிவான, ஐயத்தை அகற்றும் வலுவுள்ள சான்று. பெற்றோர் என்ற உரிமையையே நிரந்தரமாகப் பறிக்க வேண்டுமானால் இந்த அளவு தேவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. உச்சிப் படி, குற்ற வழக்குகளில் உள்ளதுபோல, நியாயமான ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம். பூர்வகுடிக் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்த வரலாற்றுக்குப் பரிகாரமாக வந்த 1978ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் குடும்பங்களில் பெற்றோர் உரிமையைப் பறிக்க உச்சிப் படியையே கேட்கிறது.

நியூயார்க் மையப் பதிவேடு பல பத்தாண்டுகள் கீழ்ப் படியில் நின்றது. ஏறிய பெயர், கடைசிப் பிள்ளைக்கு 28 வயதாகும்வரை அங்கேயே இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அது இரண்டாவது படிக்கு ஏறியது. புறக்கணிப்பு வழக்குகளில் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேலை தருபவர்கள் அதைப் பார்க்க முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சொற்றொடர் மாற்றம். பெற்றோர் அமைப்புகள் இதற்காகப் பல ஆண்டுகள் சட்டமன்றப் படியேறின.

பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க முறையான வழி இருப்பதும் அவசியம். கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி மீதான குற்றச்சாட்டு உண்மையல்ல என்று நீதிமன்றமே சொன்னது. குற்றமற்றவர்கள் என்று தனி உத்தரவும் பெற்றார்கள். ஆனால் பதிவேட்டில் பெயர் நீடித்தது. நீக்கச் சொல்லி முறையிட ஓர் ஏற்பாடே இல்லை. 2009இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இது அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் கடிதம் கிடைத்த 90 நாட்களுக்குள் எதிர்த்து முறையிடலாம். அந்தக் கடிதம் வந்ததும் பயத்தில் மடித்து அலமாரியில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறு நாள் போனால் போனதுதான். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பிள்ளையைப் பிரித்துவிட்டால் நேரமே எல்லாம். நியூயார்க்கில் பெற்றோர் கேட்டால் நீதிமன்றம் மூன்று வேலை நாட்களுக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும். 2004இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கணவனிடம் அடிபட்ட தாயிடமிருந்து, அவர் அடிபட்டதைப் பிள்ளை பார்த்தது என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. பிரிப்பதாலேயே பிள்ளைக்கு வரும் தீங்கையும் நீதிபதி எடைபோட வேண்டும். அதற்கு முன், அடிபட்டவரே பிள்ளையையும் இழந்துகொண்டிருந்தார். இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 1997ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, பிள்ளை 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்பு இல்லத்தில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்கக் கோரி அரசு மனுச் செய்ய வேண்டும். வழக்கு இழுத்தடித்தால் குற்றமற்ற பெற்றோரும் இந்தக் கடிகாரத்தில் சிக்கிக்கொள்வார்கள்.

அதனால்தான் வழக்கறிஞர் தொடக்கத்திலேயே வேண்டும் என்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் வழக்கறிஞர், சமூகப் பணியாளர், இதே அனுபவத்தைக் கடந்துவந்த ஒரு பெற்றோர் மூவரும் குழுவாகத் துணைநிற்கும் முறை உண்டு. 2019இல் வெளிவந்த ஆய்வில், அத்தகைய துணை கிடைத்த குடும்பங்களின் பிள்ளைகள் நான்காண்டுகளில் சராசரியாக 118 நாட்கள் குறைவாக வளர்ப்பு இல்லத்தில் இருந்தார்கள். வீடு திரும்பியவர்களின் பாதுகாப்பு அதனால் குறையவில்லை. அந்த 118 நாளில் ஒரு குழந்தை நடக்கக் கற்றிருக்கும், இன்னொரு குழந்தைக்கு முதல் பல் விழுந்திருக்கும்.

இவ்வளவையும் படித்த ஒருவர், உண்மையிலேயே அடிபடும் பிள்ளையின் கதி என்ன என்று கேட்பார். கேட்க வேண்டும். அதே 2022இல் துன்புறுத்தலாலும் புறக்கணிப்பாலும் இறந்த அமெரிக்கக் குழந்தைகள் ஏறக்குறைய 1,990 பேர். அந்த எண்ணை மறந்துவிட்டுப் பெற்றோர் உரிமை பேசுபவரை நான் நம்பமாட்டேன். ஆனால் ஓர் அலுவலரின் மேசையைப் பாருங்கள். மேலங்கி இல்லாத பையன், நீலத் திட்டுள்ள குழந்தை, முன்னாள் கணவனின் ஐந்தாவது அழைப்பு, பூங்காவிலிருந்து நடந்துவந்த அண்ணன் தங்கை. இவற்றுக்குக் கீழே ஒரு கோப்பு, பசியில் மெலிந்து அறையில் பூட்டப்பட்ட குழந்தையுடையது. அவருக்கு இருப்பது ஒரு நாளும் ஒரு வண்டியும்தான். மேலே இருக்கும் கோப்புகளைக் குறைப்பது அந்தக் கடைசிக் குழந்தைக்கும் வேண்டியது.

குவீன்ஸ் தாய்க்கு ஐம்பத்து எட்டாவது நாள் கடிதம் வருகிறது. ஆதாரம் இல்லை என்று இருக்கிறது. கோப்பு முத்திரையிடப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து அழிக்கப்படும். அவர் அதை மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறைக்குள் வைக்கிறார். அந்த வாரம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிதான், வழக்கம்போல இரவு படுக்க வந்திருக்கிறார். நான்கு வயது மகள் தன் சட்டையை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு அண்ணனின் பின்னால் போய் நிற்கிறாள்.